ஏற்றிவிட்ட கண்ணாடி

மாத்தளைக் கடைத்தெருவில் வாங்கிய அம்மிக்குழவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்த வேலம்மா, வெயிலில் நின்ற கறுப்புக் காரைக் கண்டதும் நின்றாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாணிக்கவாசகத்தின் கார். மூன்று வருடத்துக்கு முன், இதே மாதிரி ஒரு சித்திரை வெயிலில், அவள் மகள் பாப்பம்மா செத்தது அதற்குள்தான்.

பாப்பம்மாவுக்கு ஒன்பது வயது. சாமான் தூக்க என்று இரத்தோட்டைக்கு மேலே இருக்கிற தோட்டத்திலிருந்து மாத்தளைக்குக் கூட்டிப்போனவர், சாயங்காலம் பிணமாகக் கொண்டுவந்து போட்டு, "காய்ச்சல்" என்றார். தோட்டத்தை நடத்துகிற துரையும் தலையாட்டினார். கிளாக்கர் சொன்னால் காக்கையும் வெள்ளைதானே! கார்க் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததைக் கண்டவர்கள் வேலம்மாவின் காதில் சொன்னார்கள். மலையில் பனிக்கு ஏற்றுகிற பழக்கம். மாத்தளை வெயிலில் அது அடுப்பு. அது சரி, தினமும் அந்தக் காரைத் துடைத்த பிள்ளைக்குக் கதவு திறக்கத் தெரியாதா? ஏன் திறக்கவில்லை? மூன்று வருடமாக அந்தக் கேள்வி அவளைத் தூங்க விடவில்லை.

எட்டிப் பார்த்தாள். இன்றைக்கும் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. பின்சீட்டில் கிளாக்கரின் மூன்று வயது மகன், முகம் செக்கச்சிவந்து, வாய் திறந்து கிடந்தான்.

கிடக்கட்டும் என்றது மனசு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! பெற்ற வயிறு எப்படி எரியும் என்று அந்த ஆளும் பார்க்கட்டும். அப்படித்தான் நினைத்தாள், பொய் சொல்வானேன். இரண்டு மூச்சு நின்றாள். பையனின் கை லேசாக அசைந்தது.

கதவுப் பிடியை இழுத்தாள், சுட்டது, பூட்டியிருந்தது. முன்கதவுக் கண்ணாடியில் அம்மிக்குழவி இறங்கியது.

எதிர்க்கடை நூருன்னிஸா ஓடிவந்தாள். "யா அல்லாஹ்! நெழலுக்குக் கொண்டு வாங்க!" இருவருமாகச் சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, முந்தானையால் விசிறினார்கள். பையன் வீறிட்டு அழுதான். அழுகிற பிள்ளை பிழைத்த பிள்ளை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாணிக்கவாசகம் வந்தார். "எவடி என் கார் கண்ணாடிய ஒடச்சது?" பிறகுதான் நூருன்னிஸாவின் மடியில் மகனைப் பார்த்தார். ஓடிப்போய்க் கை நீட்டினார்.

வேலம்மா குறுக்கே நின்றாள். "மொதல்ல அந்தக் கதவுப் பிடியில கைய வைங்க."

"என்னடி பேசுற?"

"வைங்கய்யா!" என்றது கூட்டம். வைத்தார், சுட்டு உதறினார்.

"எம் மக இதுக்குள்ளதான் செத்தா. அவளுக்குக் கதவு தொறக்கத் தெரியும். ஏன் தொறக்கல?"

அவர் மகனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். குரல் உள்ளே போனது. "நாந்தான்... சாமான் களவு போயிரும்னு... நான் வர்றதுக்குள்ள தொறந்தா தோல உரிச்சிருவேன்னு சொன்னேன்."

பாப்பம்மா சொன்ன சொல் தட்டாத பிள்ளை. 

"மன்னிச்சிரு, வேலம்மா."

"மாட்டேன். நாளைக்குப் பெரட்டுக்களத்துல இதையே சொல்லுங்க. இல்லாட்டி இத்தன பேரும் வந்து சொல்லுவாங்க."

மறுநாள் விடிய, பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த அத்தனை பேர் முன்னாலும், துரை முன்னாலும், மாணிக்கவாசகம் தலைகுனிந்து சொல்லி முடித்தார்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல," என்றாள் வேலம்மா. "இன்னொரு தடவ சொல்லுங்க."