அடைகாத்த டிராம்

அனாதிநாத் சமத்தார் கல்லூரியில் முப்பது வருடம் தர்க்கப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்கத்தாவின் வடக்குப் பக்கம், அவருடைய சந்தில், வருடா வருடம் சரஸ்வதி பூஜை அன்று கையால் எழுதி ஒட்டும் சுவர்ப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். அர்த்தமில்லாத ஒரு வரியை அவர் அதில் ஏற விட்டதில்லை. படிக்க முடிந்த வரிகளும் அதிகம் ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வருடம், பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் போடும் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது.

*குடை ஒன்று முட்டையிட்டது குளத்தங்கரை ஓரம்,*
*அடைகாத்ததே அஞ்சாம் டிராம் ஆபீஸ் போகும் நேரம்!*

கீழே 'கேந்தி' என்று வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் மட்டும். கையெழுத்தை எங்கோ மளிகைச் சீட்டில் பார்த்தது போலிருந்தது. தர்க்கவாதி அதற்கெல்லாம் மயங்குவதில்லை.

"எந்த வீட்டுக் குட்டியோ கிறுக்கியிருக்கு. இது ஏறாது," என்றார் டீக்கடை பெஞ்சில், மூன்றாவது நாளாக அதை வாசித்துக் காட்டி.

"அவசரப்படாதீங்க அனாதி அண்ணா," என்றார் டாக்டர் பூதேப். "குடைன்னா முதலாளி வர்க்கம். முட்டைன்னா புரட்சி."

"போய்யா! குடை உடம்பு, முட்டை ஆத்மா. டிராம்தான் குரு," என்றார் வக்கீல் ஷிபேன்.

டீக்கடை பொச்சு கெட்டிலை இறக்கினான். "டிராம் உக்காந்தா முட்டை உடையாதா ஐயா? ரெண்டு நாளா அதே கவலை எனக்கு. பால் பொங்கறதுகூடத் தெரியலை."

அனாதிநாத் எழுந்தார். "பூஜை அன்னைக்கு எல்லார் முன்னாடியும் இதோட அர்த்தத்தை நானே வாசிக்கிறேன். முடியலேன்னா காகிதத்தைக் கிழிச்சுட்டு ஆசிரியர் பதவியையும் விட்டுடறேன்!"

பூஜை அன்று காலை எழுத உட்கார்ந்தால் மேஜை காலியாக இருந்தது.

"இந்தா, என் பேனா எங்கே?"

"தேவி காலடியில வச்சாச்சு. நோட்டும்தான்," என்றாள் மனைவி ஹேம்நளினி. "இன்னைக்குப் பேனாவைத் தொடக் கூடாதுன்னு தெரியாதா?"

"அர்த்தத்தை இன்னும் எழுதலையே!"

"வாயால சொல்லுங்க. இத்தனை வருஷமா அதைத்தானே பண்றீங்க."

வெறுங்கையோடு பந்தலுக்கு நடந்தார். முட்டை என்றால் குஞ்சு உண்டு. குடை இட்டதை டிராம் அடைகாத்தால் குஞ்சுக்குக் கால் எத்தனை? குடைக்கு உள்ளது போல ஒன்றே. தர்க்கத்தில் பிழையில்லை. சந்து திரும்பும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். ஈரமாக, கண் கூசிக்கொண்டு, அந்த ஒற்றைக் கால் குஞ்சு எதிரே நின்றது.

பந்தலில் மாலை போட்டு மேடையேற்றினார்கள். மஞ்சள் புடவைகள், மஞ்சள் சட்டைகள், எல்லா முகமும் அவரையே பார்த்தன. அர்த்தத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது வேறு.

*ஓடுடைத்து வந்தது பார் ஒற்றைக் கால் மேகம்!*
*மூடு மூடு ஜன்னலெல்லாம், அதற்கு மீன் மேல் மோகம்!*



"ஐயோ, வீட்ல ஹில்சா மீன் வறுத்து வச்சிருக்கேனே!" என்று பொச்சு ஓடினான்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் அண்ணாந்து பார்த்தார், வக்கீல் பார்த்தார், பந்தலே பார்த்தது. டிராம் கம்பிக்கு மேலே சின்னதாக ஒரு மேகம். அர்த்தம் எங்கே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

*மீன் சொன்னது: "மீட்டிங் இருக்கு, வா நீ நாளைக் காலை!"*
*ஏன் என்று கேட்காமல் மேகம் தின்றது தலைவர் மாலை!*

ஹேம்நளினி!

"நீயா கேந்தி?" என்றார் அனாதிநாத்.

"அப்பா வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. நீங்க கேட்டதே இல்லையே."

அனாதிநாத் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். நுனிக்காலில் எம்பி, அதை ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்தார். மேகம் கொஞ்சம் கீழே இறங்கியது போலிருந்தது.

"ஆடாம பிடிங்க, பயந்துடப் போகுது," என்றாள் கேந்தி.