இடது தோளில் ஒரு கை

"இதுல கண்ண மூடியிருக்காரேக்கா. வேற படம் இல்லையா?" என்று போனில் கேட்டான் சுஐபு. தங்கச்சிமடத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன்.

ஜெர்லின் தன் கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் அவள் அய்யா என்று கூப்பிடும் அப்பா வியாகுலம் பெட்டிக்குள் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் வலையை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும்.

ஆல்பத்தில் அவர் இரண்டே இடத்தில் இருந்தார். ஒன்றில் பிரியாணி வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு. இன்னொன்றில் கண்ணை மூடிக்கொண்டு. ஆதாரில் இருந்த படத்தைக் காட்டியபோது அம்மா மிக்கேலம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கரை ஒதுங்குன ஆளு மாதிரி இருக்கு. அத மட்டும் போட்டுறாத."

நல்ல படம் ஒன்று இருந்தது. ஒன்பது வருஷமாக ஜெர்லினின் போனில் இருந்தது. போன் மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே மாறி வந்தது. முகத்தில் காலை வெயில், நேர் பார்வை, படிய வாரிய தலை. ஆனால் அது வனத்துறை எடுத்த படம்.

அந்த மாதிரிப் படங்களுக்கென்று ஒரு முறை உண்டு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கைப்பற்றிய பொருளை வரிசையாக அடுக்குவார்கள். பின்னால் பிடிபட்டவர். இரண்டு பக்கமும் சீருடைகள். ஆளைப் பிடித்திருப்பது தெரிய வேண்டும் என்பதால், யாராவது ஒருவர் அவர் தோளில் கை வைத்திருப்பார். மறுநாள் பேப்பரில் வரும்: 'கடல் அட்டை கடத்தியவர் கைது.'

கடல் அட்டை பார்ப்பதற்குத் தோல் தடித்த வெள்ளரிக்காய் போல இருக்கும். கடலடியில் மணலை விழுங்கிக்கொண்டே நகரும். மணலில் ஒட்டியிருக்கும் அழுக்கைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலைப் பின்னால் விட்டுப் போகும். அட்டை இல்லாத இடத்தில் தரை உழாத நிலம்போல இறுகிவிடும். வியாகுலம் பதினாறு வயதிலிருந்து மூழ்கி எடுத்தது அதைத்தான். அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்து, மறுபடி அவித்துக் காயவைத்தால் கப்பலேறிப் போகும். அப்போது அது தொழில். 2001-இல் வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற பட்டியலிலேயே அட்டையையும் சேர்த்தார்கள். அன்றிலிருந்து அது குற்றம். அட்டைக்கும் அது தெரியாது, எடுத்துப் பழகிய கைக்கும் தெரியாது.

அவருக்குத் தெரியும். பிடிபட்ட அன்று பதினோரு அட்டை எடுத்தது தான்தான் என்பதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

காலையில் வக்கீல் போனில் சொன்னார்: "வர்ற வியாழக்கிழமை வாய்தாவுக்கு இறப்புச் சான்றிதழக் கொண்டு வந்துரும்மா. கேஸ் அதோட முடிஞ்சிரும். ஒரு வகையில நல்லதுதான்." குற்றவாளி என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல் முடிந்துவிடும். இனி அய்யாவைப் பற்றி ஊர் கடைசியாகப் பார்க்கப்போவது அந்தப் பேனரைத்தான்.

வாய்தா நாட்கள். மிக்கேலம்மாள் கோர்ட் படியை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டதால் ஜெர்லின்தான் கூடப் போவாள். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் அவர் சன்னல் பக்கம் நகர்ந்து, தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வருவார். பாலம் தாண்டியபின் ஜட்ஜிடம் பேசப்போவதை ஒத்திகை பார்ப்பார்.

"நான் எடுக்கலன்னு சொல்ல வரலய்யா. எடுத்தேன். ஆனா போட்டோவப் பாருங்க. அட்டை இருக்கு. நான் இருக்கேன். வாங்க வந்தவன் எங்க? அவன் பேரச் சொன்னேன், யாரும் எழுதல. எறால் பண்ணைத் தண்ணிய ஓடையில தெறந்து விடுறாங்களே, அதுல செத்து ஒதுங்குற அட்டைக்கு யாரு மேலய்யா கேஸு?"

"மெதுவாய்யா. முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாக்குறாரு."

"பாக்கட்டும். ஜட்ஜுக்கு முன்ன இவருகிட்ட ஒரு தீர்ப்பு வாங்கிருவோம்."

ராமநாதபுரத்தில் டவாலி அவர் பேரை மூன்று தடவை கூப்பிடுவார். முதல் தடவையே இவர் கையைத் தூக்கிவிடுவார். 'சாட்சி வரவில்லை' என்று அடுத்த தேதி போடுவார்கள். அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு பாதாம்பால் வாங்குவார். ஆடையை மட்டும் விரலால் எடுத்து அவள் தம்ளரில் போடுவார். அவள் கல்யாணமாகிப் போன பிறகும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அந்த ஒரு நாளுக்காக வந்துவிடுவாள். அய்யாவோடு தோள் இடிக்க அவ்வளவு நேரம் உட்கார்ந்தது வேறெங்கும் இல்லை.

படத்தை அனுப்பினாள். நெஞ்சுக்குக் கீழே வெட்டச் சொன்னாள்.

"ஆபீசர்களத் தூக்கிட்டேன்க்கா" என்றான் சுஐபு. "இடது தோள்ல இருக்க கை மட்டும் வரமாட்டேங்குது. எடுத்தா தோளும் போயிருது. ஏஐ-ல போட்டுப் பாத்தேன், அனுப்பியிருக்கேன், பாருங்க."

அதில் சிவந்த கன்னத்தோடு ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். மிக்கேலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு, ரயில்வே ஆபீசரா?"

துக்க வீட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சரி, கை மேல ரோசாப்பூக் கொத்து வச்சு மறைச்சிருறேன்" என்றான் சுஐபு. "அரை மணி நேரத்துல பிரிண்டு."

போனை வைக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. தாய்மாமா பிரடெரிக்.

"இங்கன எதுக்குலே வந்த? பொணத்தையும் நிக்க வச்சு போட்டோ எடுக்கவா?"

வேலிக்கு வெளியே ஆன்டனி ராஜ் மாலையோடு நின்றிருந்தார். முன்பு அய்யாவோடு ஒரே வள்ளத்தில் போனவர். தடை வந்தபின், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வனத்துறையில் தற்காலிகக் காவலராகச் சேர்ந்தார். கடலில் எந்த இடத்தில் யார் மூழ்குவார்கள் என்று தெரிந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். வழக்கில் முதல் சாட்சியும் அவர்தான்.

"விடுங்க மாமா" என்று ஜெர்லின் வெளியே வந்தாள். ஒன்பது வருஷமாகக் கூப்பிடாத பேர் தானாக வந்தது. "சித்தப்பா, ஒரு வாய்தாவுக்காச்சும் வந்திருக்கலாம்ல? ஜட்ஜுகிட்டப் பேசணும்னு கடைசி வரைக்கும் காத்துக் கெடந்தாரு."

ஆன்டனி ராஜ் மாலையைக் கை மாற்றிக்கொண்டார்.

"வந்தா, இந்த ஆளுதானான்னு கேப்பாங்கம்மா. நான் கைய நீட்டிக் காட்டணும். வராம இருந்தா கேஸு அப்படியே செத்துப்போகும்னு நெனச்சேன். அவரு பேசக் காத்திருந்தது எனக்குத் தெரியாது."

"அன்னைக்கு மட்டும் ஏன் தோள்ல கை வச்சீக?"

"சாரு பிடின்னாரு, பிடிச்சேன்." அவர் தன் வலது கையைப் பார்த்தார். எப்போதோ கயிறு சுற்றி வளைந்துபோன சுண்டுவிரல். "அண்ணனுக்கு முழங்கால் நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. விட்டிருந்தா மேசை மேலயே விழுந்திருப்பாரு."

ஜெர்லின் படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு சுஐபைக் கூப்பிட்டாள்.

"ரோசாப்பூ வேணாம்."

"கை தெரியுமேக்கா."

"தெரியட்டும்."

நாலு மணிக்குக் கோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. தெருமுனையில் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் வீட்டில் மிக்கேலம்மாளிடம் கேட்டார்: "தோள்ல கை போட்டிருக்கது யாரு?"

"அவரு கூடத் தொழிலுக்குப் போனவரு" என்றாள் மிக்கேலம்மாள்.

பெட்டியைத் தூக்கும்போது பிரடெரிக் யாரையும் பார்க்காமல் ஓரடி முன்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் ஆன்டனி ராஜ் நிற்க இடம் வந்தது.

கடல் காற்றில் பேனர் உப்பித் தணிந்தது. படம் நெஞ்சோடு முடிந்திருந்தது. மேசையும் இல்லை, வெள்ளைத் துணியும் இல்லை. வியாகுலத்தின் இடது தோளில், சுண்டுவிரல் வளைந்த கை ஒன்று அழுத்திப் பிடித்திருந்தது.