ஷெல்டன் வாய் திறந்தது எழுபத்தொரு தடவை

என் படத்துக்கு வந்த முதல் விமர்சனத்தை எழுதியவர் அடிலெய்டுக்காரர். இணையத்தில் அவருக்கு 'ஈரப்பல்லி' என்று பெயர். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருந்தார். "காணாமல் போனவனை நண்பன் கூப்பிடுகிறான். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த நொடியில் காற்றுகூட நின்றுவிடுகிறது. இப்படியொரு மௌனத்தை நான் எந்தப் பேய்ப்படத்திலும் கேட்டதில்லை. இந்த இயக்குநர் ஒரு மேதை."

அந்த மேதை நான்தான். பெயர் டென்ஸில். பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் ஆதிகுடி ஊரின் ஊடக மையத்தில் பதினாறு வருடமாக வேலை. மையம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஏசி, ஏசிக்கு நேர் கீழே என் நாற்காலி. கால்பந்தாட்டம் எடுப்பேன், சவ அடக்கம் எடுப்பேன். கிளினிக்குக்காக 'கை கழுவுவது எப்படி' என்று ஆறு நிமிடப் படம் எடுத்தேன். அதில் சோப்பு வராது. மறந்துவிட்டேன்.

பேய்ப்படம் எடுக்கலாம் என்று கிளப்பிவிட்டவன் என் அக்கா மகன். அவன் பெயரை நான் சொல்ல முடியாது. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

"மாமா, காசே வேணாம். நாங்களே கேமராவத் தூக்கிட்டு ஓடுவோம். ஆடுச்சுன்னா அதான் ஸ்டைல். தொலைஞ்சு போனவங்க எடுத்த படம், பின்னால யாரோ கண்டெடுத்தாங்கன்னு சொல்லிடலாம்."

கதை இவ்வளவுதான். நாலு பேர் பழைய ஆழ்துளைக் கிணற்றுப் பக்கம் போகிறார்கள். வண்டி நின்றுவிடுகிறது. ஒருவன் இரண்டு கேமராவில் ஒன்றை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடிப் போகிறான், திரும்பவில்லை. மற்றவர்கள் டார்ச் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மமு வருகிறது. மமு என்றால் எங்கள் பக்கத்துப் பேய், சின்ன வயதில் சோறு தின்னாவிட்டால் வரும். மமுவாக நடித்தது நான். உடம்பில் முன்னும் பின்னுமாக இரண்டு வாசல் மிதியடி, தலையில் ஒரு சைக்கிள் விளக்கு.

தொலைந்து போகிறவனுக்கு நான் எழுதி வைத்த பெயர் ஜேசன். முதல் நாள் அவன் நண்பன் ஷெல்டன் தொண்டை கிழியக் கத்துகிறான், "ஜேசன்! ஜேசன்!" நாலடி தள்ளி நின்ற என் மருமகன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"டேய், உன்னத்தான்டா!"

"என்னையா? நான் எப்போடா ஜேசன் ஆனேன்?"

இரண்டாம் நாள் ஷெல்டன் "ஜேம்ஸ்!" என்று கத்தினான். எல்லாரும் மண்ணில் உருண்டு சிரித்தார்கள். எனக்கோ வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "விடுங்கடா, அவன் பேரையே சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன்.

அதுதான் நான் செய்த தப்பு. வெளியாள் யாராவது செய்திருந்தால் அது தப்பே இல்லை. எங்களில் ஒருவர் போய்விட்டால் அவர் பேரும் கூடப் போய்விடும். யாரும் வாய் விட்டுச் சொல்லக் கூடாது. கூப்பிட்டால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், நின்றுவிடுவார். அதே பேர் உள்ள மற்றவர்களையும் அதற்கப்புறம் குன்மனாரா என்றுதான் கூப்பிடுவோம். அது பேர் இல்லை, பேர் இருந்த இடம். இதெல்லாம் தெரிந்தவன் நான். இருந்தும் இருபது வயதுப் பையனின் பேரைப் படம் முழுக்க அள்ளித் தெளித்தேன். இருபது வயதில் யார் சாகப் போகிறார்கள்?

படம் முடிந்து ஆறாவது வாரம் ஆலிஸ் நகரத்திலிருந்து வரும் சாலையில் வண்டி உருண்டது. உள்ளே அவன் மட்டும்.

அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெரியாது.

ஊர் அடங்கியது. சுவரிலிருந்த அவன் போட்டோக்கள் உள்ளே போயின. கடைக்காரருக்கும் அதே பேர், அவரும் குன்மனாரா ஆனார். மெல்போர்ன் அணியில் அதே பேரில் ஒரு ஆட்டக்காரர் இருந்தார். அவர் கோல் போடுவார் போலிருந்தால் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் டிவி ரிமோட்டின்மேல் பாய்ந்து சத்தத்தை நிறுத்துவார்கள். அந்த வருடம் பார்த்து அந்த ஆள் நன்றாக ஆடித் தொலைத்தார்.

படத்தை நான் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அதன் முதல் காட்சியில் ஒரு வரி ஓடும்: 'இதில் இருப்பவர்களில் யாரும் திரும்பி வரவில்லை.' இந்த மாதிரிப் படத்துக்கு அப்படி ஒரு வரி வேண்டுமே என்று டீ ஆறுவதற்குள் எழுதியது. இப்போது அது அலமாரிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுதினேன், அது நடந்தது. அக்காவும் அப்படித்தான் நினைக்கிறாளா? கேட்கத் துணிவில்லை.

அக்கா மார்லீன் வீட்டைக் காலி செய்துவிட்டு, வெளியே தகரத் தடுப்புக்குப் பின்னால் எங்கள் வழக்கப்படி துக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள்.

"அந்தப் படம் என்னாச்சு?"

"பூட்டி வச்சுட்டேன்க்கா."

"அடிலெய்டு பட விழாவுல காட்டப் போறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான். அதுக்குன்னு புதுசா சட்டை வேற."

அக்கா வெட்டிய தலையைத் தடவிக்கொண்டாள்.

"காட்டு. அங்க காட்டு. இங்க வேணாம், எனக்கு இப்ப முடியாது. ஆனா அவன் பேரு வரக் கூடாது. ஒரு தடவகூட."

"எழுபத்தொரு தடவ வருதுக்கா."

"அப்ப எழுபத்தொரு தடவ எடு."

எடுத்தேன். ஒன்றை வெட்ட வேண்டுமென்றால் முதலில் அதைக் கேட்க வேண்டும். ஏசியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஊரில் யாருமே சொல்லாத பேரை ஷெல்டன் என் காதுக்குள் எழுபத்தொரு தடவை கத்தினான். ஒவ்வொன்றையும் நான் கடைசியாகக் கேட்டு அழித்தேன். கீழே ஆங்கிலத்தில் ஓடிய எழுத்திலும் அழித்தேன். முதல் வரியை எடுத்துவிட்டு, எங்கள் ஆட்கள் வரும் நிகழ்ச்சிக்கெல்லாம் முன்னால் டிவியில் போடுவார்களே, 'இதில் இறந்தவர்களின் உருவமும் குரலும் இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை, அதைப் போட்டேன்.

ஆலிஸில் ஒலி வேலை பார்க்கும் பிரிஜித்துக்குப் போன் செய்தேன்.

"வெட்டின இடத்துல கொஞ்சம் காத்துச் சத்தம் எடுத்து ஒட்டணும் டென்ஸில். இல்லேன்னா ஓட்ட ஓட்டயா தெரியும்."

ஒட்டுவதென்றால் மறுபடியும் ஒவ்வொரு இடமாகப் போக வேண்டும். "சரி" என்று போனை வைத்துவிட்டு, ஒட்டாமலே அனுப்பினேன். ஈரப்பல்லி சொன்ன மேதைமை இதுதான்.

அடிலெய்டில் அறுபது பேர் பார்த்தார்கள். மிதியடி கட்டிக்கொண்டு நான் வந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஷெல்டன் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அரங்கம் மூச்சை இழுத்துப் பிடித்தது. கடைசியில் ஒரு காட்சி. என் மருமகன் தனியாக இருட்டில், கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்து, தூரத்துக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்வான்: "இங்கதான்டா இருக்கேன்! கூப்பிட்டுட்டே இருக்காதீங்க, வரேன், வரேன்!" எடுத்தபோது அது நண்பர்களுக்குச் சொன்ன பதில். இப்போது எதிர்ப்பக்கம் ஓட்டைதான். யாரும் கூப்பிடாமலே அவன் பதில் சொன்னான், எங்களைப் பார்த்து. எனக்கு முன்வரிசைப் பெண் அலறிக்கொண்டு புருஷன் மடியில் ஏறிவிட்டாள்.

முடிந்ததும் ஒருவர் எழுந்து கேட்டார். "அந்த மௌனம் எதைக் குறிக்கிறது?"

"பட்ஜெட் கம்மி" என்றேன்.

பயங்கரச் சிரிப்பு, கைதட்டல். நான் கழிப்பறையில் போய்க் கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பயந்த வேர்வை என்று சொன்னால் ஈரப்பல்லி ஐந்தாவது நட்சத்திரத்தையும் கொடுத்திருப்பார்.

அன்றிலிருந்து ஒரு வியாதி. ஊரில் திடீரென்று காற்று நின்றால் போதும், யாரோ எங்கேயோ வாயைத் திறந்துகொண்டு நிற்பது போல எனக்குத் தோன்றும். திரும்பிப் பார்ப்பேன். ஷெல்டனுக்கு இன்னும் மோசம். அவன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். பெற்ற தாயே ஆனாலும் "ஏய்"தான். என்னைக் கூப்பிட அந்த "ஏய்"யும் இல்லை.

இரண்டு கோடைக்காலம் போனது. அக்கா கொட்டகைக்கு வந்தாள், ஏசிக்குக் கீழே என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழம படத்தப் போடு. எல்லாருக்கும்."

"அக்கா, உன்னால முடியுமா?"

"எம் புள்ளையப் பாக்க உங்கிட்ட டிக்கெட் வாங்கணுமா?"

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கால்பந்து. அதனால் பேய்ப்படம் மத்தியானம் இரண்டு மணிக்கு. சமூகக் கூடத்தின் ஜன்னல்களில் ஏணி போட்டுக் கம்பளி தொங்கவிட்டோம். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. உள்ளே மொத்த ஊரும், ஊர் நாய்களில் பாதியும். அக்கா முன்வரிசையில். ஷெல்டன் கதவோரம் நின்றான், எந்த நேரமும் ஓடத் தயாராக. நான் புரொஜெக்டர் பக்கத்தில், அக்காவின் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு.

அவன் முகம் திரையில் வந்ததும் பெண்கள் மெல்லிய குரலில் அழுதார்கள். அக்கா அசையவில்லை. பிறகு மமு வந்தது.

"ஐயோ, டென்ஸில் நடைடி அது!"

"செருப்புப் போட்டிருக்கு பாரு! பேய் செருப்புப் போட்டிருக்கு!"

"அந்த மிதியடி எங்க வீட்டுது! ரெண்டு வருஷமா தேடுறேன், திருட்டுப்பயலே!"

அடிலெய்டை நடுங்கவைத்த என் மமுவுக்கு ஊரில் கிடைத்த மரியாதை இது. அழுதவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் திரையில் ஷெல்டன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

கூடம் நின்றது. நாய்கூட. அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. அடிலெய்டில் மூச்சைப் பிடித்தார்கள். இங்கே எல்லார் வாய்க்குள்ளும் அவன் பேர் இருந்தது, யாரும் விடவில்லை. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றை விட்டிருந்தால்? ஒரே ஒரு இடத்தில் அந்தப் பேர் வந்துவிட்டால்? அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. கதவோரம் ஷெல்டன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

எழுபத்தொன்று. ஓட்டை. அக்கா மகன் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினான். நேராக அம்மாவைப் பார்த்தான்.

"இங்கதான்டா இருக்கேன்! கூப்பிட்டுட்டே இருக்காதீங்க, வரேன், வரேன்!"

அக்கா எழுந்து நின்றாள். சாதாரணக் குரலில், கடைக்குப் போகிறவனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"யாரும் உன்னக் கூப்பிடலடா. நீ போ."

படம் இன்னும் இரண்டு நிமிடம் ஓடியது. என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. திரை வெள்ளையானபோது அவள் என்னிடம் வந்தாள். இப்போது கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா, நான் அந்த வரிய எழுதாம இருந்திருந்தா..."

"எந்த வரி?"

"யாரும் திரும்பி வரலன்னு. முதல்ல இருந்துச்சு. எடுத்துட்டேன்."



"நீ எழுதினா நடக்குமா? கை கழுவுற படம் எடுத்தியே, எவனாவது கழுவுறானா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அவள் என் காலைப் பார்த்தாள்.

"பேய்க்கு எதுக்குடா செருப்பு?"

"முள்ளு குத்தும்க்கா."

"அடுத்த படத்துல கழட்டு" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் போனாள், ஆட்டத்துக்கு இடம் பிடிக்க.

கூடம் காலியானது. நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஷெல்டன் ஏணியில் ஏறி, ஜன்னல் கம்பளியை இழுத்தான். வெளிச்சம் தடாலென்று விழுந்தது. ஏணி ஆடியது.

"டென்ஸில் மாமா!" என்று கத்தினான். "டென்ஸில் மாமா, ஏணியப் பிடி!"

வந்துட்டேன், வந்துட்டேன் என்று ஓடினேன்.