பின்னால் நின்ற கேமரா

மரியபுஷ்பத்துக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து குனிந்து சம்பா நட்ட உடம்பு. கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாயவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. ஆனாலும் மகள் பிரின்ஸியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். குடவாசலில் எடுத்த படத்தை ஊருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் மரியபுஷ்பத்துக்கு ஒரு வசனம் இருந்தது.

ஊரோடு ஒட்டாத ஆட்களைப் பற்றிய படம். செத்த செல்போன்களைச் சேர்த்துவைக்கிறவன், கப்பலேற சைக்கிளில் நாகூருக்குக் கிளம்புகிறவன், இப்படிச் சில கிறுக்கர்கள். அவர்களோடு, யாருக்கும் பணியாத ஒரு நடவுக்காரி. இயக்குநர் அருள்பிரகாஷ், "நடிக்கவே வேணாங்க்கா, நீங்களா இருங்க" என்றிருந்தான். வயல்காரரைப் பார்த்து, "கரையில நின்னு அதட்டாதீங்க, இறங்கி வந்து பேசுங்க" என்று அவள் சொல்ல வேண்டும். மாடு கறக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"மாட்டையே இறங்கி வரச் சொல்றியேக்கா" என்று கூட நடுகிற மாலதி சிரித்தாள்.

படம் ஓடியது. செல்போன்காரன் வந்தான், சைக்கிள்காரன் வந்தான். பிறகு நடவு. திரை முழுக்கப் பெண்களின் பின்புறம். தூக்கிச் சொருகிய சேலை, சேறு. அதை வேகமாக ஓட்டி, பீப்பீ என்று ஓர் ஊதலையும் சேர்த்திருந்தான் அருள்பிரகாஷ். எல்லோரும் பொம்மை மாதிரி குலுங்கிக் குலுங்கிப் பின்னால் வந்தார்கள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு நடவுக்காரி முடிந்தாள். முகமும் இல்லை, வசனமும் இல்லை.

நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். முன்னால் இருப்பது நட்ட பயிர். படமெடுத்த அன்றைக்குக் கேமராக்காரன் முன்னால்தான் நின்றான். "பயிரை மிதிக்காதீங்க, பின்னாடி சேத்துல போயி நில்லுங்க" என்று விரட்டியவள் மரியபுஷ்பமேதான். அதுவும் யாரோ ஒருவருடைய பயிருக்காக.

விளக்கு எரிந்ததும் பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினாள். அருள்பிரகாஷ் போர்த்திவிட்டான்.

"தம்பி, என் பேச்சு எங்க?"

"நீளமாயிடுச்சுக்கா, எடிட்டிங்ல போயிடுச்சு. ஆனா உங்க சீனுக்கு வெளிநாட்டுல எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க."

"வெளிநாட்டுக்காரன் எந்திரிச்சான், சரி. எம் மவ கிளாஸ்ல படிக்கிற பயலுவ இங்க உக்காந்து சிரிக்கிறானுவளே, நாளைக்கு அவ எப்படிப் பள்ளிக்கூடம் போவா?"

"கிண்டல் இல்லக்கா. அன்போட எடுத்தது."

"அன்பா? உங்கம்மா பின்னாடி கேமராவ வச்சு, பீப்பீ ஊதி ஓட்டு. ஓட்டிட்டு அன்புன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

"அந்தப் பொம்பளைய இறக்குங்கப்பா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யார்றா அவன்? எந்திரிச்சு மூஞ்சியக் காட்டு" என்றாள் கீழிருந்து மாலதி. ஒருவனும் எழவில்லை.

மரியபுஷ்பம் பொன்னாடையை உருவி அருள்பிரகாஷ் மேலேயே எறிந்தாள். "நீயே போத்திக்க. என் பேச்ச வைக்காட்டிப் போ. அந்த நடவு சீனை வெட்டு."

அருள்பிரகாஷ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். "ரிலீசுக்கு முன்னாடி வெட்டிடறேங்க்கா. சத்தியமா."

தை மாதம் படம் வெளியானது. இப்போது ஊரில் எல்லோர் போனிலும் இருக்கிறது. அந்த ஒரு காட்சியை மட்டும் தனியாக வெட்டியெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். பிரின்ஸி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக் கிடக்கிறாள். அருள்பிரகாஷ் போனை எடுப்பதில்லை.

அவன் அந்தக் காட்சியை நீக்க வேண்டும். மரியபுஷ்பத்துக்கு அவன் பட்ட கடன் அது. இன்னும் பாக்கி.