இரண்டாம் எண் ஆள்

பதினோரு வருஷமாக ஈஸ்டர் வாரத்துக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்து வந்த மலை மரவீடு ஜனவரியில் விலைக்கு வந்தது. வீட்டுச் சொந்தக்காரிக்குப் பனி அலுத்துவிட்டதாம், ஸ்பெயினுக்குப் போகிறாளாம். போகட்டும். அந்த வீட்டுக்குக் கடைசி அரைக் கிலோமீட்டர் பனிச்சறுக்குக் கட்டைகளில்தான் போக வேண்டும். கழிப்பறை வெளியே. தண்ணீருக்கு உறைந்த ஏரியில் துளை போட வேண்டும். ஆனால் மதிய வெயிலில் அதன் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து ஆரஞ்சு உரிக்கும்போதுதான் என் கணவன் ஆர்ன்ஃபின் வாயைத் திறந்து பேசுவான். மீதி ஐம்பத்தோரு வாரமும் ‘ம்’தான். எனக்கு அந்த வீடு வேண்டியிருந்ததற்கு வேறு காரணமே இல்லை.

விளம்பரம் வந்த அன்றே ஓஸ்லோவிலிருந்து எங்கள் மகன் யூஸ்டைன் போன் செய்தான்.

“வீடு விலைக்கு வந்திருக்காமே. உங்களுக்கு வேணுமாம்மா?”

“எங்களுக்கு எதுக்குடா? இந்த வயசுல கூரைப் பனியை யாரு தள்ளறது?”

வாய் கூசாமல் சொன்னேன். வேண்டும் என்றால் பணம் தருகிறேன் என்று வந்து நிற்பான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் வாங்க மாட்டோம். வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வரும். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏலம். எல்லாம் போனில் குறுஞ்செய்தியாகவே. கல்யாணத்துக்குப் பிறகும் என் அப்பா வீட்டுப் பெயரை விடாதவள் நான். அந்தப் பெயரில்தான் விலை கேட்டேன். தரகர் விபெக்கே முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“அனுப்பினா அனுப்பினதுதான். திரும்ப வாங்க முடியாது. எதிர்ல கேக்கறது யாருன்னும் நான் சொல்லக் கூடாது. இரண்டாம் எண்ணுன்னு வச்சுக்கங்க.”

பத்தொன்பது லட்சம் குரோனரில் ஆரம்பித்தோம். ஐந்து நிமிஷத்தில் இரண்டாம் எண் இருபது என்றது. நாங்கள் இருபத்தொன்று, அது இருபத்திரண்டு. வங்கி எங்களுக்குத் தருவதாகச் சொன்னது இருபத்தொன்று வரைக்கும்தான்.

“யாரோ காசுக்காரப் பல் டாக்டரா இருக்கும்” என்றான் ஆர்ன்ஃபின்.

“பனிச்சறுக்குக் கட்டை மேல நிக்கக்கூடத் தெரியாது, பாரு. விட்டுக் குடுக்கணும்னு பெத்தவ சொல்லியே வளர்க்கலை” என்றேன்.

அவன் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தான். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் அவனுடைய மீன்பிடிப் படகு இருந்தது.

“படகை வித்துடலாம். கேளு.”

இருபத்துமூன்று கேட்டேன். இருபத்தைந்து என்று பதில் வந்தது. அரைமணி நேரக் கெடு கொடுத்திருந்தார்கள். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தபடி முழு அரைமணியும் உட்கார்ந்திருந்தோம். விற்க எங்களிடம் இனி ஒன்றும் இல்லை. கெடு முடிந்தது. ஆர்ன்ஃபின் எழுந்து காப்பிக் கோப்பைகளைக் கழுவினான். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பத்து நிமிஷத்தில் யூஸ்டைன் போன் செய்தான்.

“அம்மா, அப்பாவும் கேக்கற மாதிரி வை. வீட்டை வாங்கிட்டேன். உங்களுக்குத்தான். கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆச்சில்ல? நீ வேண்டாம்னப்பவே தெரியும், பணம் இல்லாமத்தான் சொல்றேன்னு.”

ஆர்ன்ஃபின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“எவனோ ஒரு பிடிவாதக் கழுதைம்மா, விடவே மாட்டேன்னுட்டான். இல்லேன்னா பத்தொன்பதுலயே முடிஞ்சிருக்கும். வாங்கினவனுக்கு ஏலம் கேட்டவங்க பேரையெல்லாம் குடுத்தாகணும். நாளைக்குப் பட்டியல் வந்துடும். யாருன்னு பாத்துச் சொல்றேன், சேந்து சிரிக்கலாம்.”

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அவன் குரலில் அத்தனை சந்தோஷம். ஆர்ன்ஃபின் மட்டும், “நல்லது பண்ணினேடா” என்றான்.

போனை வைத்ததும் விபெக்கேயைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“வித்தது வித்ததுதாங்க. விலையைக் குறைக்க முடியாது.”

“பட்டியல்லேருந்து என் பேரையாவது எடுத்துடுங்களேன்.”

“அது சட்டப்படி போற காகிதம். ஒரு எழுத்தைக்கூட நான் மாத்த முடியாது. நீங்களே முந்திக்கிட்டு அவர்கிட்ட சொல்லிடலாமே.”

சொல்லலாம். யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். அன்று முழுவதும் நாலு தடவை போனை எடுத்து வைத்தேன். மறுநாள் யூஸ்டைன் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. படித்துவிட்டான் என்று தெரிந்துகொண்டோம்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டான். தட்பவெப்பம், அப்பாவின் முட்டிவலி எல்லாம் விசாரித்தான். பட்டியலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

“அம்மா, கடன் கொஞ்சம் கூடிப்போச்சு. ஈஸ்டர் வாரத்தை வாடகைக்கு விட்டாத்தான் தவணை கட்ட முடியும். நீங்க வேற எந்த வாரம் வேணாலும் வாங்க.”

“ஈஸ்டருக்கு நாங்களே எடுத்துக்கறோம்டா. எப்பவும் குடுக்கற வாடகை.”

வேண்டாம்மா என்பான் என்று காத்திருந்தேன். என் வயிற்றில் பிறந்தவன், வேண்டாம் என்று சொல்லத்தான் அவனுக்குத் தெரியும். இந்த முறை அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

“சரிம்மா” என்றான், தரையைப் பார்த்துப் பேசுகிற குரலில்.

பன்னிரண்டாவது ஈஸ்டருக்கும் வாடகை கட்டிவிட்டுத்தான் போனோம். ஏரியில் துளை போட்டோம். கூரைப் பனியைத் தள்ளினோம். ஏழு நாளும் நல்ல வெயில். தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து ஆர்ன்ஃபின் ஆரஞ்சு உரித்தான், பாதியை எனக்குக் கொடுத்தான்.

“வெயில் நல்லாருக்கில்ல?” என்று கேட்டேன்.

“ம்” என்றான்.