நாலாவது பிளக் மட்டும் வெளுப்பு

பல் டாக்டரம்மாவின் கார் மறுபடியும் வந்து நின்றபோது மெக்கானிக் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவன் மனைவிக்கு வயிறு பற்றிக்கொண்டது. அவளுடைய அப்பா செத்த அன்றுகூட எண்ணெய்ச் சட்டையோடு வந்து நின்ற மனிதன் அவன்.

அந்தக் காரின் இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இது நாலாவது வருகை. சிக்னலில் நின்றால் திக்கித் திக்கி ஓடுகிறதாம். அவன் கார்புரேட்டரைத் திருகி அனுப்புவான்; சில நாள் ஒழுங்காக ஓடும்; பிறகு பழைய குருடி கதைதான். வரும்போதெல்லாம் டாக்டரம்மா உட்கார்ந்து இது எதற்கு, அது ஏன் என்று கேட்பாள். இவனும் கை காலெல்லாம் ஆட்டி விளக்குவான். வீட்டிலோ, அவனிடம் ஒரு வார்த்தையைப் பிடுங்க அந்த டாக்டரம்மாவின் குறடுதான் வேண்டும்.

பட்டறையின் முன்பக்கத்தில் உதிரிபாகக் கடையைப் பார்த்துக்கொண்டே இன்ஜின் வேலையும் கற்றுக்கொண்டவள் அவள். பக்கத்தில் பெயின்ட் அடிக்கும் கொழுந்தனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, அண்ணன் சிரிச்சா இவ்வளவு பல்லு தெரியும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"பல்லு டாக்டர்கிட்ட காட்டாம வேற யார்கிட்ட காட்டுவாரு? நீ உன் வேலையப் பாரு."

டாக்டரம்மா காரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவனும் லேத் பட்டறைக்குக் கிளம்பினான். அவள் கடையைக் கொழுந்தனிடம் ஒப்படைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். இந்தக் காருக்கு இனி வருவதற்குக் காரணமே இருக்கக் கூடாது. காரணம் போன பிறகும் அந்தப் பெண் வந்தால், அப்போது வேறு கணக்கு.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தாள். முதல் மூன்றும் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தன. நாலாவது மட்டும் சாம்பல் போல வெளுத்திருந்தது. மூன்று சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம், ஒன்றுக்குக் காற்று அதிகம். பிளக்கின் கோளாறாக இருக்குமோ என்று துடைத்து, ஒன்றையும் நாலையும் இடம் மாற்றிப் போட்டு ஓடவிட்டாள். மறுபடி கழற்றியபோதும் நாலாம் இடத்தில் இருந்ததுதான் வெளுத்தது. ஆக, காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது.

இன்ஜின் ஓடும்போதே, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாயின் இணைப்புகளில் கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயை ஒவ்வொன்றாக அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று வரை சத்தத்தில் மாற்றமில்லை. நாலாவதில் அடித்ததும் இடுக்கு வழியாக அது உள்ளே போய் எரிந்து, இன்ஜின் குபுக்கென்று வேகம் பிடித்தது.

விளக்கைப் பிடித்துக் குனிந்தாள். நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் ஒரு மஞ்சள் கோடு இழுப்பது அவள் கணவனின் வழக்கம். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மற்ற இடங்களில் கோடு நேராக இருந்தது. நாலாவதில் இரண்டு நட்டிலும் உடைந்திருந்தது. அதிர்வில் தானாகத் தளர்ந்திருக்கலாம் என்று ஒரு கணம் அவனுக்காக வாதாடினாள். ஆனால் மஞ்சள் பெயின்டின் மேலேயே ஸ்பேனர் கடித்த தடம் பளபளத்தது.

நட்டுகளை முறுக்கினாள். கடையிலிருந்து நாலு புது பிளக் எடுத்துப் போட்டாள். கார்புரேட்டர் திருகைப் பழைய அளவுக்கே திருப்பி வைத்தாள். இன்ஜின் பட்டுப்போல ஓடியது. அவள் அதை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவன் வந்ததும் கேட்டாள்: "நாலாம் நம்பர் நட்டு ரெண்டையும் யாரு தளர்த்தினது?"

கொழுந்தன் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினான்.

"நான்தான்."

"எதுக்கு?"

"அவங்க கேக்கறாங்க. பெட்ரோலும் காத்தும் எப்படிக் கலக்குது, பிளக் எதுக்குன்னு. நான் சொன்னா உக்காந்து கேக்கறாங்க. வேற ஒண்ணுமில்ல."

"நான் கேக்க மாட்டேனா?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீயே சொல்லி முடிச்சிடுவ."

டாக்டரம்மாமேல் ஆசை என்று அவன் சொல்லியிருந்தால் இவள் கத்தித் தீர்த்திருப்பாள். இதற்கு எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து, "என்ன கோளாறு?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். அவன் மனைவியைப் பார்த்தான்.

"நட்டு தளர்ந்திருந்துச்சுங்க," என்றாள் அவள்.

"ஒரு நட்டு தளர்ந்தா வண்டி ஏன் திக்கணும்?"

"அதாவதுங்க…" என்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா கண்ணிமைக்காமல் கேட்டாள். கேட்கக் கேட்க இவளுக்கும் சொல்லிக்கொண்டே போகத் தோன்றியது. வெளுத்த பிளக்கையும் கறுத்த பிளக்கையும் கையில் எடுத்துக் காட்டினாள். இந்த ருசியையா இந்த மனுஷன் தனியாக அனுபவித்துக்கொண்டிருந்தான் என்று மறுபடியும் வயிறு எரிந்தது. அவனோ துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"இனிமே சந்தேகம்னா உங்ககிட்டயே வர்றேன்," என்றாள் டாக்டரம்மா.

"வர வேண்டியிருக்காதுங்க."

கார் திக்காமல் தெருமுனை திரும்பியது.

"மூணு பிளக் ஏன் கறுத்துச்சுன்னு நீ சொன்னது பாதிதான்," என்றான் அவன்.

மீதியும் அவளுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். நட்டு முறுக்கியதைவிட அது கஷ்டமாக இருந்தது.

"மீதி என்னங்க?"

"நாலாவதுல காத்து அதிகமாச்சா, வண்டி திக்குது. திக்காம இருக்க நான் பெட்ரோலக் கூட்டி வச்சேன். கூட்டினது எல்லாத்துக்கும்தானே போகும்…"

சொல்லிக்கொண்டே அவன் கார் போன திசையைப் பார்த்தான்.

"இங்க பாத்துச் சொல்லுங்க," என்றாள்.