அறுபது டிகிரி

நர்ஸ் மூன்றாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டாள்.

"பாப்பாவோட விரிப்பு, போர்வை எல்லாம் வாரா வாரம் நல்ல வெந்நீர்ல போடறீங்கல்ல?"

"என் பொழப்பே அதுதான் சிஸ்டர். இருநூறு ரூம் ஹோட்டலுக்கு லாண்டரி நான்தான். என்கிட்டயே கேக்கறீங்களே," என்றார் அப்பா.

நர்ஸ் சிரிக்கவில்லை. மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆறு வயது. உள்ளங்கையால் மூக்கை மேலே மேலே தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு.

ஒரு வருஷம் வரை அதை ஜலதோஷம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார் அவர். காலையில் எழுந்ததும் வரிசையாக எட்டு, ஒன்பது தும்மல். மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகும். ஆனால் காய்ச்சல் கிடையாது, பத்து நாளில் விடுவதும் கிடையாது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்ட பிறகுதான் இங்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இது சளி இல்லை, படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னார். வெந்நீர் என்றால் அறுபது டிகிரி, அதற்குக் குறைந்தால் அவை சாகாது என்றும் சொன்னார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அப்பா செய்தார். தரை விரிப்பைச் சுருட்டி வெளியே போட்டார். தலையணைக்கும் மெத்தைக்கும் ஜிப் வைத்த உறை மாட்டினார். காலையும் மாலையும் குழாய் வைத்து மூச்சில் இழுக்கும் பம்ப் மருந்து கொடுத்து, வாய் கொப்பளிக்க வைத்தார். ஒன்றே ஒன்றைத்தான் செய்யவில்லை.

அது மனைவியின் போர்வை. கடைசி நான்கு மாதம் அவள் அதற்குள்தான் கிடந்தாள். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதில் தண்ணீர் படவே இல்லை. வாசனை போய்விடக் கூடாதென்று பகலெல்லாம் அதை பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி வைப்பார். படுக்கிற நேரத்தில் எடுத்து, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு மகளுக்குப் போர்த்துவார். அறுபது டிகிரியில் எந்த வாசனையும் பிழைக்காது என்பது அவருக்கு டாக்டரை விட நன்றாகத் தெரியும்.

"டாக்டர் இந்தத் தடவை டோஸ் ஏத்தியிருக்காரு," என்ற நர்ஸ், மகளிடம் குனிந்தாள். "நீ சொல்லு குட்டி. தூங்கறப்ப என்ன போத்திப்ப?"

மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணும் போத்திக்க மாட்டேன்."

அவர் மருந்துச் சீட்டை வாங்கி மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"ஏண்டா அப்படிச் சொன்ன?"

"நீ சொல்லலையே. அதான் நானும் சொல்லல."

"அதைப் போத்தினா உனக்கு என்ன பண்ணுது?"

"மூக்குக்குள்ள எறும்பு ஓடுற மாதிரி இருக்கும். அப்புறம் மூச்சு குட்டி குட்டியா வரும்."

"அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ எடுத்து வச்சிடுவ." காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "அப்புறம் நீ எதை மோந்து பாப்ப?"

அவர் பஸ் வருகிறதா என்று பார்க்கிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போர்வைப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். அங்கே இஸ்திரி போடுகிறவருக்குக் கஞ்சி என்று பெயர். விறைப்பாக நடப்பதால் வந்த பெயர்.

"என்ன மாப்ள, பாதி நாள் முடிஞ்சு வர்ற. மொதலாளி ஆயிட்டியா?" என்ற கஞ்சி பையைப் பிடுங்கினார். "இது நம்ம ஹோட்டல் துணி இல்லையே."

எந்தத் துணி வந்தாலும் மெஷினில் போடுமுன் ஒருவர் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். எண்ணெயா, வியர்வையா, சிகரெட்டா என்று தெரிந்தால்தான் எந்த சோப்பு, எவ்வளவு என்று முடிவாகும். கஞ்சியின் மூக்கு தப்புச் சொன்னதாக இதுவரை பேச்சே கிடையாது. வழக்கப்படி போர்வையைப் பிரித்து, முகத்தருகே கொண்டுபோய், நான்கு மூலையிலும் மோந்தார்.

"ஒண்ணும் இல்ல. பிளாஸ்டிக் கவர் வாசனை. கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்."

"நல்லாப் பாருண்ணே."

"பாத்துட்டேன்யா. யாரோட போர்வை?"

அப்பா கையை நீட்டினார். போர்வையை வாங்கித் தானும் மோந்தார். கஞ்சி சொன்னதுதான் சரி. எத்தனை மாதமாக இப்படி? தினமும் மோந்தாரே, எதை மோந்தார்? யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. இந்த ஒன்றுமில்லாததைத்தான் மகளின் மூக்கு வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருக்கிறார்.

அவர் முகத்தைப் பார்த்த கஞ்சிக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். "நான் வேணா போடவா?" என்றார், மெதுவாக.

"வேணாம். நானே போடறேன்."

மணமில்லாத சோப்பைப் போட்டு, மெஷினில் வாசனைத் தண்ணீர் ஊற்றும் சின்னப் பெட்டியைக் காலியாக விட்டார். அறுபதில் குமிழைத் திருப்பினார். மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் போர்வை நனைந்து கனத்து ஒரு பக்கமாக விழுந்தது. பிறகு சுற்றத் தொடங்கியது. ஐம்பது நிமிஷமும் அவர் அங்கேயே நின்றார். அவர் பங்கு விரிப்புகளையும் கஞ்சியே சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம், டிரையர் சூடு ஆறிப்போன போர்வையை மகள் மடியில் வாங்கி, முகத்தை உள்ளே புதைத்தாள். அவர் தும்மலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அதனால் எதுவும் சொல்லிவிட முடியாது, சரியாவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள்.

"ஒரு வாசனையும் இல்லப்பா."

"ம்."

"அம்மா வாசனை எப்படி இருக்கும்?"

யார் துணியில் என்ன வாசனை என்று சொல்லிப் பழகிய வாய்தான். திறந்தார். தேய்த்த எண்ணெய், தடவிய தைலம், கடைசி மாத மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருந்தது.

மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாலை மருந்துக்கான பம்ப்பையும் குழாயையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.